அப்பாவின் கையில் இருக்கும் வாட்ச் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

கேள்வி: "அப்பாவுக்கு 67 வயது. பிபி, சுகர் இரண்டும் உண்டு. தம்பி வெளிநாட்டிலிருந்து ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறான். போன வாரம் இரண்டு தடவை 'இதயத் துடிப்பு சீராக இல்லை' என்று காட்டியது. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், மூச்சிரைப்பு, படபடப்பு எதுவும் இல்லை. போனில் முகத்தைக் காட்டினால் பிபி சொல்லும் ஒரு ஆப்பையும் வைத்துக்கொண்டு தினமும் பார்க்கிறார். இவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாட்ச் காட்டிய அந்த எச்சரிக்கையை விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே அப்பாவை அழைத்துப்போய் முழு ஈசிஜி எடுத்துவிடுங்கள். பிபி ஆப்பை இன்றைக்கே போனிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒன்றை மதிக்கச் சொல்கிறேன், இன்னொன்றைத் தூக்கிப் போடச் சொல்கிறேன். காரணம், இரண்டும் வேறு வேறு விஷயத்தை அளப்பதாகச் சொல்கின்றன. அதில் ஒன்றுக்குத்தான் அதற்கான சாமர்த்தியம் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. இதயநோய்ப் பிரிவில் ஈசிஜி, ஹோல்டர் (நாள் முழுக்க உடம்பில் மாட்டியிருக்கும் ஈசிஜி), டிரெட்மில் எடுக்கிற டெக்னீஷியன். பத்தொன்பது வருடமாக அதே வேலை. வாட்சைக் கட்டிக்கொண்டு பயந்து வருகிறவர்களையும் பார்க்கிறேன், அதை நம்பி வராமல் இருந்துவிட்டவர்களையும் பார்க்கிறேன்.

அப்பாவின் வாட்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பச்சை விளக்கு மின்னும். ரத்தத்தின் சிவப்பு நிறம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒரு தடவை துடிக்கும்போது தோலுக்கடியில் இருக்கும் நுண்ணிய குழாய்களில் கொஞ்சம் ரத்தம் கூடுகிறது, திரும்பி வருகிற ஒளி கொஞ்சம் குறைகிறது. அடுத்த துடிப்புக்கு முன் பழையபடி ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அதை வைத்துத்தான் வாட்ச் நாடி எண்ணுகிறது. இது புது வித்தை இல்லை. 1930களிலேயே ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஒளியைக் கொண்டு விரலில் நாடியைப் பதிவு செய்துவிட்டார். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இதே குடும்பம்தான். அதற்கான யோசனையை 1970களில் ஜப்பானில் தக்குவோ அயோயாகி கொடுத்தார். கோடிக்கணக்கான பேர் அந்தக் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார்.

ஆக, வாட்ச் செய்வது நாடி பிடித்துப் பார்க்கிற வேலை. அதை அது ராத்திரி பகலாகச் சலிக்காமல் செய்கிறது, அதுதான் அதன் பெருமை. உங்கள் விரலாலேயே இதைச் செய்து பார்க்கலாம். அப்பாவை உட்காரவைத்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வையுங்கள். முழுதாக ஒரு நிமிடம். சாதாரண நாடி ஒரே இடைவெளியில் தட்டும். மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும் விடும்போது சற்று மெதுவாகவும் போகலாம், அது இயல்பு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற கோளாறு இருந்தால், நாங்கள் ஏ.எஃப். என்போம், தாளமே இருக்காது. இரண்டு தட்டு நெருக்கமாக வரும், அப்புறம் ஒரு இடைவெளி, ஒரு பலமான தட்டு, தொடர்ந்து பலவீனமாக மூன்று. அடுத்தது எப்போது வரும் என்று விரலால் ஊகிக்கவே முடியாது. வாட்சும் இந்த இடைவெளிகளைத்தான் அளக்கிறது. கை அசையாமல் இருக்கும்போது பல தடவை பார்த்து, திரும்பத் திரும்பத் தாறுமாறாக இருந்தால்தான் எச்சரிக்கிறது.

ஏ.எஃப். இருக்கும்போது இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதில்லை, வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். இடது மேலறையில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை உண்டு. ஓட்டமில்லாத ரத்தம் அங்கே தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். ஏ.எஃப். இருப்பவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு என்பது அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. பலருக்கு முதல் அறிகுறியே கை கால் விழுவதுதான். "அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குச் சமாதானம் தராத வரி அதுதான்.

டாக்டர்கள் இதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருக்கிறார்கள். 65 வயதைத் தாண்டியதற்கு ஒன்று, பிபிக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று. உங்கள் அப்பாவுக்கு மூன்று வந்துவிடுகிறது. ஏ.எஃப். என்று உறுதியானால், ஆண்களுக்கு இரண்டு வந்தாலே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைப் பரிந்துரைப்பார்கள். வார்ஃபரின் போன்ற மாத்திரை இந்த வகைப் பக்கவாதத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கிறது. கையில் கட்டிய ஒரு பொருள் இவ்வளவு பெரிய காரியத்துக்கு வாசல் திறக்கிறது என்றால் அதை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் எச்சரிக்கை வந்தாலே ஏ.எஃப். என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆப்பிள் வாட்சை வைத்து அமெரிக்காவில் 4,19,297 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அதில் எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது 0.52 சதவீதம். அவர்களுக்கு மார்பில் ஒட்டும் ஈசிஜி பட்டையை அனுப்பினார்கள். அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 450 பேரின் பதிவைப் பார்த்தபோது 34 சதவீதத்தினருக்கு ஏ.எஃப். இருந்தது. மற்றவர்களிடம் வாட்ச் பொய் சொன்னதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பட்டை ஒட்டியிருந்த நேரத்திலேயே வாட்சும் எச்சரித்த சமயங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், 84 சதவீதம் சரியாகப் பொருந்தியது. ஏ.எஃப். வரும், போகும். திங்கட்கிழமை ராத்திரி இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வியாழக்கிழமை ஈசிஜி எடுக்கும்போது காணாமல் போயிருக்கும். இடையிடையே வருகிற கூடுதல் துடிப்புகளும் வாட்சை ஏமாற்றும். அவை பெரும்பாலும் ஆபத்தில்லாதவை.

அதனால் ஈசிஜி நார்மல் என்று வந்தால் "அப்பாடா" என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். 24 மணி நேர ஹோல்டரோ, கிடைத்தால் ஒன்றிரண்டு வாரம் ஒட்டிக்கொள்கிற பட்டையோ வேண்டுமா என்று கேளுங்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேனும் கேளுங்கள். அப்பாவுக்குச் சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று பாட்டி அல்லது அத்தை யாரிடமாவது விசாரித்துவிட்டுப் போனால் நல்லது. அந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தால் மாத்திரை தேர்வே மாறும். ருமாட்டிக் இதயநோயோடு ஏ.எஃப். உள்ளவர்களிடம் 2022இல் வெளியான ஆய்வில், ரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மாத்திரையான ரிவராக்ஸபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மருந்தே உயிர்காத்தது. நம் நாட்டில் இந்த வால்வு நோய் இன்னும் ஒழியவில்லை.

சில வாட்சுகளில் ஈசிஜியே எடுக்கலாம். இடது கையில் வாட்சின் அடிப்பக்கம் ஒரு முனை, வலது கை விரலால் வாட்சின் பக்கவாட்டுத் திருகுக் குமிழைத் தொட்டால் அது இன்னொரு முனை. முப்பது விநாடி. 1900களின் தொடக்கத்தில் ஹாலந்தில் ஐந்தோவன் இதே ஈசிஜியை எடுக்க வைத்திருந்த கருவி ஏறக்குறைய 270 கிலோ. நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் ஜாடிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். 1905இல் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளியின் ஈசிஜியை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்துக்கு டெலிபோன் கம்பி வழியாக வரவழைத்தார் அவர். நான் தினமும் மாட்டிவிடும் ஹோல்டரின் கதையும் அப்படித்தான். நார்மன் ஹோல்டர் 1940களில் செய்த முதல் கருவி முதுகில் சுமக்கிற 38 கிலோ மூட்டை. இன்றைக்கு அது உள்ளங்கையில் அடங்குகிறது. அந்தப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிவிடும்போதெல்லாம் இவர்களை நினைத்துக்கொள்வேன்.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். ஆஸ்பத்திரி ஈசிஜி இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறது. வாட்ச் ஒரே ஒரு கோணத்தில், இரண்டு கைக்கும் நடுவில் குறுக்காகப் பார்க்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிழக்கு வாசலில் நின்றுகொண்டிருப்பவருக்கு மேளத்தின் தாளம் நன்றாகக் கேட்கும். மேற்கு வாசலில் யாராவது விழுந்துவிட்டால் தெரியாது. தாளம் சரியா என்பதற்கு ஒரு கோணம் போதும். இதயத்தின் எந்தச் சுவரில் ரத்தம் நின்றுபோயிருக்கிறது என்பதற்குப் போதாது.

ஒருவரைச் சொல்கிறேன். ஐம்பத்தெட்டு வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சுக்குழியில் எரிச்சல், வியர்வை. மகள் வாங்கிக்கொடுத்த வாட்சில் ஈசிஜி எடுத்திருக்கிறார். சைனஸ் ரிதம், அதாவது தாளம் இயல்பு என்று வந்திருக்கிறது. வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையணையை உயர்த்திப் படுத்திருக்கிறார். மறுபடி எடுத்தார், அதே பதில். விடிவதற்குள் நான்கு தடவை. காலை ஆறரைக்கு என் அறைக்கு வந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் காகிதத்தை இழுத்தபோது இரண்டாவது, மூன்றாவது, ஏவிஎஃப் என்கிற மூன்று கோணங்களிலும் கோடு கீழே இறங்காமல் திண்ணை போல உயர்ந்து நின்றது. இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு. வாட்ச் தப்பாக எதையும் சொல்லவில்லை, தாளம் உண்மையிலேயே இயல்பாகத்தான் இருந்தது. அவர் கேட்டது வேறு கேள்வி. மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று வாட்ச் செய்கிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர் அந்த எழுத்தைப் படிப்பாரா? பிழைத்துவிட்டார். ஆனால் ஏழரை மணி நேரத்தில் போன தசை போனதுதான். இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

அப்பாவிடம் இதை மட்டும் மனப்பாடமாகச் சொல்லி வையுங்கள்: நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ இழுக்கும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் எது வந்தாலும் வாட்சைப் பார்க்கக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும், வெறும் களைப்பும் குமட்டலுமாகத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி தொலைவில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். முதல் கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புவதற்காகத் தமிழக அரசு 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்து ஈசிஜியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நோயாளியை நேராக அங்கே கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். தொலைவிலிருந்து இதயத்தைக் கவனிக்கிற கருவிகளில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால், பளபளப்பே இல்லாத அந்த ஈசிஜிப் பெட்டியைத்தான் சொல்வேன்.

இனி பிபி. ரத்த அழுத்தத்தை அளக்கிற கையில் சுற்றும் பட்டை என்ன செய்கிறது? காற்றை அடைத்துத் தமனியை அமுக்குகிறது. எவ்வளவு அமுக்கினால் ரத்தம் நிற்கிறது, எந்த இடத்தில் மறுபடி ஓடுகிறது என்று பார்க்கிறது. அழுத்தத்தை அழுத்தத்தால் அளக்கிறது. 1896இல் ரிவா ரோச்சி பட்டையைக் கொண்டுவந்தார், 1905இல் கொரோட்கோவ் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கச் சொன்னார். இன்றுவரை அடிப்படை மாறவில்லை. ஒளிக்கு அந்த வசதி இல்லை. குழாயில் தண்ணீர் துள்ளித் துள்ளி வருவதைத் தூரத்திலிருந்து பார்த்து, மேலே தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்கிற மாதிரிதான். நாடி அலையின் வடிவத்தையும் வேகத்தையும் வைத்து ஊகிக்கலாம், அதற்கு மேல் முடியாது. பிபி காட்டும் சாம்சங் வாட்சுகள்கூட 28 நாளுக்கு ஒரு தடவை உண்மையான பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கின்றன. பட்டை இல்லாக் கருவிகளை நோய் கண்டறியவோ மருந்தை மாற்றவோ பயன்படுத்த வேண்டாம் என்பதுதான் ஐரோப்பிய ரத்த அழுத்த மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. 2025இல் ஆப்பிளுக்கு அனுமதி கிடைத்த பிபி எச்சரிக்கையும் எண் எதுவும் சொல்வதில்லை. 30 நாள் பதிவைப் பார்த்து "இருக்கலாம், பரிசோதியுங்கள்" என்கிறது, அவ்வளவே. அதுவும் பிபி ஏற்கெனவே இருப்பவர்களுக்கானது அல்ல, ஆகவே அப்பாவுக்குப் பயனில்லை.

போன் ஆப் விஷயத்தில் நடந்த ஒரு கதை உண்டு. பத்து வருடத்துக்கு முன் அமெரிக்காவில் 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்றொரு ஆப்பை ஒரு லட்சம் பேருக்கு மேல் விலைகொடுத்து வாங்கினார்கள். கேமராவில் விரலை வைத்து, போனின் ஓரத்தை நெஞ்சில் சாய்த்தால் பிபி சொல்லும். 2016இல் ஆய்வாளர்கள் பட்டைக் கருவியோடு வைத்துப் பார்த்தார்கள். பிபி அதிகம் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு "அதிகமில்லை" என்று சொல்லியிருந்தது. அதே வருட முடிவில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. வயது, உயரம், எடை கேட்டுக்கொண்டு 125, 130 என்று சொல்கிற எந்த ஆப்பும் பாதிப் பேருக்குச் சரியாகத்தான் தெரியும். 170 இருக்கிறவருக்குத்தான் அது ஆபத்து. "ஆப்பில் நார்மல்தான்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

முகத்தைப் பார்த்து நாடி சொல்வது மட்டும் பொய்யில்லை. 2008இல் கலிஃபோர்னியாவில் வெர்க்ரைஸும் கூட்டாளிகளும் சாதாரணக் கேமராவை வைத்து, அறை வெளிச்சத்திலேயே, முகத்தில் துடிப்புக்குத் துடிப்பு மாறுகிற நிறத்தைப் பிடித்துக் காட்டினார்கள். நம் கண்ணுக்கு அது தெரியாது, கேமராவின் பச்சைப் பகுதிக்குத் தெரியும். வெளிச்சம் நன்றாக இருந்து முகம் அசையாமல் இருந்தால் துடிப்பு எண்ணிக்கை சரியாக வரும். ஆனால் தோல் கறுக்கக் கறுக்க மெலனின் ஒளியைத் தின்றுவிடும், சமிக்ஞை மெலியும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2015இல் இதற்கென்றே தனியாக ஒரு முறையை உருவாக்க வேண்டியிருந்தது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரே இதில் தடுமாறியது. 2020இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆக்ஸிமீட்டர் நன்றாகக் காட்டியும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். இந்தக் கருவிகளை நம் ஊரில் விற்கும் முன் நம் நிறத்தில் சோதித்தீர்களா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, கேட்க வேண்டும்.

தொடாமல் கவனிக்கிற கருவிகள் வேறும் உண்டு. இதயம் துடிக்கும்போது மார்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைவதை ரேடார் பிடிக்கும். ரத்தம் வெளியே பாயும் வேகத்தில் உடம்பே லேசாக உதறுவதை மெத்தைக்கடியில் வைக்கும் தகடு பிடிக்கும். 1930களின் கடைசியில் பிலடெல்ஃபியாவில் ஐசக் ஸ்டார் பெரிய மேசை கட்டிச் செய்த அதே சோதனையை இன்று பெங்களூரின் டோஸி நிறுவனம் மெத்தைக்கடியில் விரித்துச் செய்கிறது. இவற்றின் உண்மையான இடம் ஆஸ்பத்திரி வார்டுதான். முப்பது படுக்கைக்கு ஒரே நர்ஸ் இருக்கும் ராத்திரியில், எந்த நோயாளிக்கு மூச்சும் நாடியும் கூடிக்கொண்டே போகிறது என்று யாராவது சொன்னால் அது பெரிய உதவி. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். ஒரு கிலோகூட இல்லாத குழந்தையின் நெஞ்சிலிருந்து ஸ்டிக்கரை எடுக்க, ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்திருக்கிறேன். அப்படியும் சில சமயம் தோல் சிவந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் இன்குபேட்டருக்கு மேலே கேமராவை வைத்து இப்படிப்பட்ட குழந்தைகளின் நாடியையும் மூச்சையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அது நம் வார்டுகளுக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

தம்பி தனக்கும் ஒரு வாட்ச் கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். இளவயதில் தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் ராத்திரியில் 48 காட்டுகிறது என்று பதற வேண்டாம், தூக்கத்தில் அது சகஜம். தேடித் தேடிக் கண்டுபிடிப்பதால் எல்லோருக்கும் நன்மை என்றும் இல்லை. டென்மார்க்கில் 70ஐத் தாண்டிய, பக்கவாத வாய்ப்புள்ள 6,004 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலுக்கடியில் கருவி வைத்துப் பார்த்தார்கள். ஏ.எஃப். மற்றவர்களில் 12 சதவீதம், இவர்களில் 32 சதவீதம் கண்டுபிடிக்கப்பட்டது. பக்கவாதம் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. சில நிமிடம் வந்துபோகிற ஏ.எஃப்.பும் மணிக்கணக்கில் நிற்பதும் ஒன்றல்ல போலிருக்கிறது. மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

ஆப்புக்குப் பதில் மேற்கையில் சுற்றும் பிபி கருவி ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் மாட்டுவது வேண்டாம். பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், தடித்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் அதிகமாகக் காட்டும். அப்பா ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பாதம் தரையில், கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில், பேச்சு கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை எடுத்துக் காலையும் மாலையும் நோட்டில் எழுதுங்கள். வீட்டில் சராசரி 135/85ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற சகோதரி எடுக்கும் அளவையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாமல் கட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மறு கைக்கு மாற்றுங்கள். அந்த இரண்டு எச்சரிக்கையின் தேதியையும் நேரத்தையும் எழுதி, ஈசிஜி பதிவு இருந்தால் பிடிஎஃபாக எடுத்து, மாத்திரைச் சீட்டோடு கொண்டுபோங்கள். வாட்சையும் கையிலேயே கட்டிக்கொண்டு வரட்டும். கிளிப் மாட்டும்போது நாங்களே கழற்றி மேசைமேல் வைப்போம்.